போன் தொலைந்தால் எதை முதலில் செய்வது? சிம் முடக்கத்திலிருந்து சிஇஐஆர் வரை, வரிசையாக

போன் காணாமல் போனதும் நம்மில் பலர் செய்வது இரண்டு காரியம். அந்த எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைத்துப் பார்ப்போம். பிறகு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவோம். இரண்டும் தவறில்லை. ஆனால் அதில் போகிற ஒன்றிரண்டு மணி நேரமும் நம் சிம் யார் கையிலோ இருக்கிறது. போனின் விலை பத்தாயிரமோ இருபதாயிரமோ இருக்கலாம்; அந்த சிம்முக்கு வரும் ஓடிபி-யை வைத்து எடுக்கக்கூடிய பணத்துக்கு அப்படியொரு கணக்கு கிடையாது.

எங்கள் வீட்டில் அம்மாவின் போன் டவுன் பஸ்ஸில் பறிபோனபோது இந்த வேலைகளையெல்லாம் அலைந்து முடித்தவன் நான். போன இடமெல்லாம் "அதை முடிச்சிட்டு இங்க வாங்க" என்றுதான் சொன்னார்கள். வேலைகள் எதுவும் கடினமில்லை. எதற்குப் பிறகு எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது; சிம், வங்கி, சிஇஐஆர் (தொலைந்த போனையே முடக்கும் அரசுத் தளம்) பற்றிய பகுதிகள் இந்தியா முழுக்கப் பொருந்தும். ஏற்கெனவே போனைத் தொலைத்துவிட்டு இதைப் படிப்பவர்கள் நேராக 2-ஆம் எண்ணுக்குப் போய்விடுங்கள்.

1. போன் கையில் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியவை

செலவு கிடையாது. கால் மணி நேரம் போதும்.

போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். அதுதான் ஐஎம்இஐ, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இவை இருக்கும், பில்லிலும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஸ்டிக்கரையும் பில்லையும் படமெடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துப் போய்விடும் என்பதால், வாங்கிய அன்றே படமெடுப்பது நல்லது. படத்தைப் போனிலேயே வைத்திருந்தால் போனோடு அதுவும் போய்விடும். வீட்டில் இன்னொருவரின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பி வையுங்கள்.

அடுத்தது சிம் லாக். திரைக்கு லாக் போடாதவர் இன்று அநேகமாக இல்லை. சிம்முக்கு லாக் போட்டவரையும் அநேகமாகப் பார்க்க முடியாது. திருடியவர் உங்கள் திரையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போய் விழும். சிம்முக்கு பின் எண் வைத்திருந்தால், வேறு போனில் போட்டதும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கும். செட்டிங்ஸில் "சிம் லாக்" அல்லது "சிம் பின்" என்று தேடினால் வந்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. முதல் முறை போடும்போது, நிறுவனம் சிம்மில் ஏற்கெனவே வைத்திருக்கும் பின் எண்ணைக் கேட்கும். அதை ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறப்பதற்கான பியுகே எண்ணைக் கேட்கும். பியுகே-யையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துப்போகும், புதிது வாங்க வேண்டியதுதான். கஸ்டமர் கேரில் அந்த முதல் பின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

மூன்றாவது, போன் கவருக்குள் ஏடிஎம் கார்டைச் செருகி வைக்கும் பழக்கம். தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். யுபிஐ பின்னைப் புதிதாக மாற்றத் தேவையானவை டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், கார்டு காலாவதியாகும் மாதம் வருடம், ஓடிபி. கார்டும் சிம்மும் ஒரே கவருக்குள் இருந்தால் மூன்றையும் சேர்த்தே கொடுத்தது போலாகும். ஆதார் அட்டையின் நகலையும் பலர் அதே கவரில்தான் வைக்கிறார்கள். அதுவும் வேண்டாம்.

கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள் பேக்கப் குறியீடுகளை (போன் இல்லாமலும் கணக்குக்குள் நுழைய கூகுள் தரும் எண்கள்) ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

2. முதல் சில நிமிடங்கள்: தேடுவது, பூட்டுவது

பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். நல்லவர் யாராவது எடுத்தால் அதோடு வேலை முடிந்தது. சுவிட்ச் ஆஃப் என்று வந்தால் மேற்கொண்டு அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் ஃபைண்ட் ஹப் இருக்கிறது. முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்ற பெயரில் இருந்ததுதான். ஐபோனுக்கு ஐகிளவுடில் ஃபைண்ட் மை. அடுத்தவர் போனில் திறக்கும்போது பிரவுசரின் இன்காக்னிட்டோ பக்கத்தில் திறந்து, வேலை முடிந்ததும் மறக்காமல் சைன் அவுட் செய்யுங்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: கடவுச்சொல் போட்டதும், "உங்கள் போனில் 'ஆம்' என்பதை அழுத்துங்கள்" என்று கூகுள் கேட்கும். அந்தப் போன்தான் கையில் இல்லையே! மேலே சொன்ன பேக்கப் குறியீடு உதவுவது இந்த இடத்தில்தான்.

உள்ளே போனதும் முதலில் போனைப் பூட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஐபோனில் லாஸ்ட் மோட். திரையில் காட்டும் செய்தியில் வீட்டில் இருக்கும் இன்னொரு எண்ணைப் போடுங்கள், வீட்டு முகவரியைப் போடாதீர்கள். ஐஎம்இஐ குறித்து வைக்காதவர்களுக்கு அந்த எண்ணும் இங்கேயே கிடைக்கும்: ஃபைண்ட் ஹப்பில் போனின் விவரங்களைத் திறந்தால் ஐஎம்இஐ இருக்கும், ஆப்பிள் கணக்குப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியில் இருக்கும்.

முழுவதையும் அழிக்கும் பொத்தானை உடனே அழுத்தலாமா? திரை லாக் இல்லாத போன் என்றால் யோசிக்காமல் அழியுங்கள். லாக் இருக்கிறது என்றால் பொறுத்திருங்கள் என்பேன். ஆண்ட்ராய்டு போனை அழித்தபின் அது எங்கே இருக்கிறது என்று ஃபைண்ட் ஹப்பில் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் எப்போதும் வேண்டாம்: உங்கள் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்குவது. நீக்கினால், உங்கள் கடவுச்சொல் இல்லாமல் வேறொருவர் ஐபோனைப் பயன்படுத்த விடாத ஆக்டிவேஷன் லாக் விடுபட்டுப்போகும். எடுத்தவருக்குப் புதுப் போன் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

வரைபடத்தில் ஏதாவது தெருவைக் காட்டினால் தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தோடு போலீஸிடம் காட்டுங்கள்.

ஓடும் ரயிலிலிருந்து போன் கீழே விழுந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சங்கிலியை இழுக்காதீர்கள், போதிய காரணமின்றி இழுப்பது ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவில் குற்றம். தண்டவாளத்தின் ஓரமாக இருக்கும் மின்கம்பங்களில் எண் எழுதியிருக்கும். விழுந்த இடத்துக்கு அருகிலுள்ள கம்பத்தின் எண்ணையும், எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் என்பதையும் குறித்துக்கொண்டு, உடன் வருபவர் போனிலிருந்து 139-க்கு அழையுங்கள். வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண்ணைக் கேட்பார்கள்.

3. சிம்மை முடக்குவது

இதை அன்றே, அந்த மணி நேரத்திலேயே செய்ய வேண்டும். கட்டணம் இல்லை.

உங்கள் சிம் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம் உள்ள ஒருவரின் போனை வாங்கி 198-க்கு அழையுங்கள். வேறு நிறுவனத்தின் சிம்மிலிருந்து 198 போட்டால் அந்த வேறு நிறுவனத்துக்குத்தான் போகும். இது தெரியாமல் நேரம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான உரிமையாளர்தானா என்று பார்க்கச் சில கேள்விகள் கேட்பார்கள்: யார் பெயரில் சிம் இருக்கிறது, பிறந்த தேதி, கடைசியாக எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்தது, மாற்று எண் என்ன. பதில் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முடக்கிய நேரத்தையும் புகார் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போலீஸ் மனுவில் இது வேண்டியிருக்கும்.

இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டையும் முடக்க வேண்டும். "அது நெட்டுக்கு மட்டும்தான்" என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். பழைய வங்கிக் கணக்கு ஏதாவது அதோடு இணைந்திருக்கும்.

4. பணம்

சிம்மை முடக்கியதும் அடுத்த அழைப்பு வங்கிக்கு. மூன்றைக் கேளுங்கள்: மொபைல் பேங்கிங்கை நிறுத்துவது, யுபிஐ-யை நிறுத்துவது, கார்டும் சேர்ந்து போயிருந்தால் கார்டை முடக்குவது. வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். கஸ்டமர் கேர் என்ற பெயரில் போலி எண்கள் ஏராளமாக உலவுகின்றன. பாஸ்புக்கிலோ ஏடிஎம் கார்டின் பின்புறமோ அச்சிட்டிருக்கும் எண்தான் சரியானது.

புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைப்பது இங்கே மிக முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த நேரம் வரைதான் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. நீங்கள் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு ஆதாரம் அந்தப் புகார் எண்தான்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே நிறுத்தி வைக்க முயல்வார்கள். தாமதிக்கத் தாமதிக்க அது கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

5. டூப்ளிகேட் சிம்: 24 மணி நேரக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது

நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

பெரும்பாலோர் முதலில் போலீஸ், பிறகு இணையத்தில் போனை முடக்குவது, கடைசியில் நிதானமாக சிம் என்று போகிறார்கள். ஆனால் போனை முடக்கும் சிஇஐஆர் தளம், தொலைந்த அதே எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். அந்த எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்காமல் விண்ணப்பத்தை முடிக்கவே முடியாது. வாங்கினாலும் அன்றே முடிக்க முடியாது. மாற்று சிம் உயிர் பெற்ற நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி இது. கடையில் சண்டை போட்டுப் பயனில்லை. அழைப்பு வரும், நெட் வேலை செய்யும், எஸ்எம்எஸ் மட்டும் வராது. புது சிம் பழுது என்று நினைத்து மறுபடி கடைக்கு ஓட வேண்டாம்.

ஆகவே பகல் நேரத்தில் தொலைந்தது என்றால் முதலில் சிம் நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போங்கள், பிறகு போலீஸ் ஸ்டேஷன். ஷோரூம் இரவில் மூடிவிடும், ஸ்டேஷன் மூடாது. நீங்கள் மனு எழுதி ரசீது வாங்கும் நேரத்திலேயே அந்த 24 மணி நேரம் கரைந்துகொண்டிருக்கும்.

கொண்டுபோக வேண்டியது: அசல் ஆதார் அட்டை, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆள். ஆள் நேரில் வர வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், படமும் எடுப்பார்கள். நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் இதில்தான் வரும். அம்மா பயன்படுத்துவது அப்பா பெயரில் வாங்கிய சிம். மகள் பயன்படுத்துவது அண்ணன் பெயரில் வாங்கியது. எங்கள் அம்மாவின் சிம்மும் அப்பா பெயரில்தான் இருந்தது. ஷோரூமில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு அப்பாவை வேலை நேரத்தில் கூப்பிட்டு வர வேண்டியதாயிற்று. அண்ணன் துபாயில் இருக்கிறார் என்றால் இன்னும் சிரமம். இன்றைக்கே வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சிம்மும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பயன்படுத்துபவர் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஆதாரில் கைரேகை சரியாகப் படியாத பெரியவர்களுக்கு இது நேரமெடுக்கும். தறி, கட்டட வேலை, பாத்திரம் தேய்ப்பது என்று ரேகை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் திரும்பத் திரும்ப மறுக்கும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு: எங்களிடம் ஐம்பது ரூபாய் வாங்கினார்கள். இதைவிட மிக அதிகமாக யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். தெருமுனையில் குடைபோட்டு சிம் விற்பவர்களிடம் இந்த வேலைக்குப் போகாதீர்கள்; ஒருமுறை வைத்த கைரேகை சரியாகப் பதியவில்லை என்று இரண்டாவது முறை வாங்கி, உங்கள் பெயரில் இன்னொரு சிம்மை எடுத்துக்கொள்ளும் மோசடி உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 24 மணி நேரத்தில் என்னென்ன நடக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் இருக்காது. யுபிஐ செயலியைப் புதுப் போனில் பதிவு செய்ய முடியாது, ஏனென்றால் அது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை அடையாளம் காணும். அதன்பின் பதிவு செய்தாலும் புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஆகவே கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டணமோ வாடகையோ கட்ட வேண்டிய நாளாக இருந்தால் வீட்டில் வேறொருவர் கணக்கிலிருந்து கட்டுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு மட்டும் வழி இருக்கிறது. எஸ்எம்எஸ் வராவிட்டாலும் குறியீட்டை அழைப்பு மூலம் சொல்லும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். புதுப் போனில் உங்கள் எண்ணைப் பதிந்ததும் பழைய போனில் அது தானாக வெளியேறிவிடும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். சிம் முடங்கினாலும் வைஃபையில் பழைய வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் பெயரில் சொந்தக்காரர்களிடம் பணம் கேட்டுச் செய்தி போகலாம்.

6. போலீஸ் ஸ்டேஷன்: மனு, ரசீது

போன் தொலைந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே போவது வழக்கம். எல்லை தெரியவில்லை என்றால் அருகிலுள்ள எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. ஓடும் பஸ்ஸில் போனதென்றால், இறங்கிய இடத்தின் ஸ்டேஷனில் கொடுங்கள். ரயிலில் என்றால் ரயில்வே போலீஸ்.

மனுவை வீட்டிலேயே இரண்டு பிரதி எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே போய்த் தாள் தேடுவதும், ஐஎம்இஐ எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவதும் தவறுக்கு வழி. இவ்வளவு எழுதினால் போதும்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். (தேதி) அன்று (நேரம்) மணியளவில், (இடம்) அருகே பஸ்ஸில் சென்றபோது என் கைப்பையில் இருந்த (நிறுவனம், மாடல், நிறம்) செல்போன் திருடு போய்விட்டது. அதன் ஐஎம்இஐ எண்கள்: (1), (2). அதிலிருந்த சிம் எண்: (எண், நிறுவனம்). போன் வாங்கிய தேதி, விலை: (விவரம்). அன்றே (நேரம்) மணிக்கு சிம்மை முடக்கிவிட்டேன். புகார் எண் (எண்). போனைக் கண்டுபிடித்துத் தரும்படியும், மனு ரசீது வழங்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

சிம்மை முடக்கிய நேரத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் உங்கள் எண்ணிலிருந்து யாராவது தவறான அழைப்பு செய்திருந்தால், அது நீங்கள் இல்லை என்று காட்ட எழுத்தில் ஒரு சான்று இருக்கும்.

"தவறவிட்டேன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லக்கூடும். உண்மையிலேயே தவறவிட்டிருந்தால் அப்படியே எழுதுங்கள். பறித்துக்கொண்டு போயிருந்தால், திருடியிருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். போனுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகள் திருட்டுக்குத் தரும், சும்மா தொலைந்ததற்குத் தராது. எஃப்ஐஆர் நகலும் கேட்கும். தகவல் சொல்ல அவர்கள் தரும் கெடுவும் குறைவு, பாலிசித் தாளை அன்றே எடுத்துப் படியுங்கள்.

வெளியே வரும்போது கையில் சிஎஸ்ஆர் ரசீது (மனுவைப் பதிந்துகொண்டதற்கு ஸ்டேஷன் தரும் எண்ணிட்ட ரசீது) இருக்க வேண்டும். மனுவின் நகலில் வெறும் முத்திரை குத்திக் கொடுத்தால் போதாது. சிஎஸ்ஆர் எண், தேதி, ஸ்டேஷன் பெயர் மூன்றும் வேண்டும். ரசீதில் அச்சான ஐஎம்இஐ எண்ணை அங்கேயே நின்று இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் பின்னால் இன்னொருமுறை வர வேண்டும். சிஎஸ்ஆருக்கும் எஃப்ஐஆர் நகலுக்கும் கட்டணம் கிடையாது. புகாரை வாங்கவே மறுத்தால், அதே மனுவை மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கோ, மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

7. சிஇஐஆர்: போனையே முடக்குவது

சிஇஐஆர் என்பது தொலைத்தொடர்புத் துறை நடத்தும் மத்தியப் பதிவேடு. 2019-ல் மும்பையில் சோதனையாகத் தொடங்கி, 2023 மே மாதத்திலிருந்து சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக நாடு முழுவதும் கிடைக்கிறது. இதில் பதிந்தால் அந்த ஐஎம்இஐ இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. எந்தச் சிம்மைப் போட்டாலும் சிக்னல் எடுக்காது. அதே நேரம் யாராவது சிம் போட்டு முயன்றால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போய்ச் சேரும். போனை முடக்கினால் பிறகு கண்டுபிடிக்க முடியாது என்று சிலர் பயந்து பதியாமல் விடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

முற்றிலும் இலவசம். தேடும்போது இதே பெயரில் பணம் கேட்கும் தளங்கள் கண்ணில் படலாம். முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்கே உரிய "ஜிஓவி.ஐஎன்" இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள். சஞ்சார் சாத்தி செயலியிலும் செய்யலாம்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: சிஎஸ்ஆர் அல்லது எஃப்ஐஆர் நகல், போன் பில், உங்கள் அடையாள அட்டை, எஸ்எம்எஸ் வரத் தொடங்கிவிட்ட டூப்ளிகேட் சிம். பில் தொலைந்திருந்தால், ஆன்லைனில் வாங்கியவர்கள் பழைய ஆர்டர் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கியவர்கள் வாங்கிய தேதியையும் கொடுத்த போன் எண்ணையும் சொன்னால் பெரும்பாலான கடைகளில் மறுபிரதி எடுத்துத் தருவார்கள். ஆவணங்களின் படங்களைச் சிறிய அளவாக்கி வையுங்கள். கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றப் பார்த்தால் ஏறாமல் போகலாம்.

தொலைந்த போனை முடக்குவதற்கான பகுதியைத் திறந்தால் ஒரே படிவம்தான். முதலில் போன் விவரம்: எண், இரண்டு ஐஎம்இஐ, நிறுவனம், மாடல், பில். அடுத்தது தொலைந்த விவரம்: இடம், தேதி, மாநிலம், மாவட்டம், ஸ்டேஷன், புகார் எண், புகார் நகல். பிறகு உரிமையாளர் விவரம், அடையாள அட்டை. கடைசியில் ஓடிபி. இரண்டு ஐஎம்இஐ இருக்கும் போனுக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால் இன்னொரு சிம் இடத்தில் போன் உயிரோடு இருக்கும். தேதியும் பெயரும் சிஎஸ்ஆரில் உள்ளபடியே இருக்கட்டும்.

அனுப்பியதும் ஒரு ரிக்வெஸ்ட் ஐடி வரும். அதைப் படமெடுத்து, தாளிலும் எழுதி வையுங்கள். நிலையைப் பார்க்கவும், போன் கிடைத்தபின் முடக்கத்தை நீக்கவும் இந்த எண் வேண்டும். சில ஸ்டேஷன்களில் அவர்களே சிஇஐஆரில் பதிவு செய்து தருவதுண்டு. அப்படிச் செய்தால் அந்த ஐடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் பொதுவாக முடக்கம் நடந்துவிடும். ஒன்று நினைவிருக்கட்டும்: நெட்வொர்க் மட்டும்தான் நிற்கும், வைஃபையில் போன் வேலை செய்யும். அதனால்தான் போனைத் தனியாகப் பூட்டவும், வாட்ஸ்அப்பை உடனே புதுப் போனில் பதியவும் சொன்னேன்.

8. காத்திருக்கும் நாட்களில் வரும் வலைகள்

ஐபோன் தொலைத்தவர்களுக்குச் சில நாட்களிலேயே, "உங்கள் போன் கண்டுபிடிக்கப்பட்டது, இருப்பிடம் பார்க்க இங்கே அழுத்தவும்" என்று செய்தி வரும். ஆப்பிள் அனுப்பியது போலவே இருக்கும். அழுத்தினால் கேட்பது உங்கள் ஆப்பிள் கடவுச்சொல். அதைக் கொடுத்தால் அவர்கள் ஆக்டிவேஷன் லாக்கை எடுத்துவிடுவார்கள். போன் கிடைத்ததாக எந்தச் செய்தி வந்தாலும் லிங்கைத் தொடாமல், நீங்களே ஐகிளவுடைத் திறந்து பாருங்கள்.

ஐஎம்இஐ கொடுத்தால் லொகேஷன் சொல்கிறேன், இரண்டாயிரம் கொடுங்கள் என்பவர்களையும் நம்பாதீர்கள். தனி ஆள் யாராலும் ஐஎம்இஐ எண்ணை வைத்துப் போன் இருக்கும் இடத்தைக் காண முடியாது.

தவணையில் வாங்கிய போனாக இருந்தால், தொலைந்துவிட்டது என்று தவணையை நிறுத்தாதீர்கள். சிபில் மதிப்பெண் அடிபடும்.

9. போன் திரும்பக் கிடைத்தால்

நிறையப் பேருக்குக் கிடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் பில், பெட்டி, சிஎஸ்ஆர், ரிக்வெஸ்ட் ஐடி நான்கையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் அசல் அடையாள அட்டை, பில், சிஎஸ்ஆர் எடுத்துப் போங்கள். அழைத்தவர் பணமோ ஓடிபி-யோ கேட்டால் அது போலீஸ் இல்லை. ஸ்டேஷனின் எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். சிஎஸ்ஆர் மட்டும் போட்டிருந்தால் எழுதி வாங்கிக்கொண்டு கையில் கொடுத்துவிடுவார்கள். எஃப்ஐஆர் போட்டு வழக்காகியிருந்தால் போன் வழக்குச் சொத்து; மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப்போட்டு உத்தரவு பெற வேண்டியிருக்கும். அதற்கு வக்கீல் செலவு தனி.

வீட்டு சோபாவுக்கு அடியிலேயே கிடைத்தாலும் சரி, யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் சரி, முதலில் ஸ்டேஷனில் சொல்லுங்கள். பிறகு அதே தளத்தில், கிடைத்த போனின் முடக்கத்தை நீக்கும் பகுதியில் ரிக்வெஸ்ட் ஐடி, காரணம், ஓடிபி கொடுங்கள். இதைச் செய்யாமல் சிம்மைப் போட்டுவிட்டு போன் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். முடக்கம் நீங்கும் வரை எந்தக் கடையாலும் சிக்னல் வரவழைக்க முடியாது.

கிடைக்காமல் போய், பழைய போன் ஒன்று வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் கடையில் நின்றபடியே *#06# அழுத்துங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, போலி, அல்லது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். இரண்டு எண் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள். பில் தர மாட்டேன் என்கிற கடையில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.